சிகரம் காத்திருக்கட்டும்
(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



மோசே சீனாய் மலைமேல் ஏறினார். எலியா ஓரேபு மலைக்கு நடந்தார். நம் ஆண்டவர் சீடர் மூவரோடு மலைமேல் சென்று உருமாறினார். இவர்களைப் பற்றி நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். இன்று நம் காலத்தில் மலை ஏறிய ஒரு கணவன் மனைவியைப் பற்றிச் சிந்திப்போம்.

இத்தாலியின் வடகிழக்கு மூலையில், ஆஸ்திரியா, ஸ்லோவேனியா எல்லைக்கு அருகே, தார்விசியோ பகுதியில் வாழ்பவர்கள் நீவெஸ் மெரோய், ரொமானோ பெனெத் தம்பதியர். உலகில் 8,000 மீட்டரைத் தாண்டிய மலைகள் 14. அந்த உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல், உயர்முகாம்களுக்குச் சுமை தூக்க ஆள் வைக்காமல், கூடாரத்தையும் உணவையும் தங்கள் முதுகிலேயே சுமந்து இருவருமாக ஏறுவது இவர்கள் வழக்கம். 1998-இல் நங்கா பர்பத், 2006-இல் கே2, 2007-இல் எவரெஸ்ட். அவர்களுடைய இல்லறமே மலையில்தான் நடந்தது எனலாம்.

2009-ஆம் ஆண்டு பிறந்தபோது நீவெஸ் 11 சிகரங்களை முடித்திருந்தார். பதினான்கையும் ஏறிய முதல் பெண் யார் என்ற போட்டி அப்போது உலகச் செய்தி. அதில் முன்னணியில் இருந்தவர்களில் அவரும் ஒருவர். அந்த ஆண்டு நேபாளத்துக்கும் சிக்கிமுக்கும் இடையே உள்ள, 8,586 மீட்டர் உயரமான கஞ்சன்ஜங்கா மலையில் இருவரும் ஏறினார்கள். ஏறக்குறைய 7,500 மீட்டரில் ரொமானோவால் முடியவில்லை. கால் நகரவில்லை. என்ன நோய் என்று அங்கே யாருக்கும் தெரியாது. கணவரைக் கூடாரத்தில் விட்டுவிட்டு நீவெஸ் மட்டும் மேலே போயிருக்கலாம். மலையேறும் உலகில் அதை யாரும் குறைசொல்ல மாட்டார்கள். அவர் போகவில்லை. கணவரோடு இறங்கிவிட்டார். பின்னாளில் அவர் எழுதிய நூலுக்கு, 'உன்னைக் காத்திருக்க வைக்கமாட்டேன்' என்று பொருள்படும் பெயரையே வைத்தார்.

இதைத் தியாகம் என்கிறார்கள். அந்தச் சொல் இங்கே பொருந்தாது என்றே நினைக்கிறோம். தொடக்கநூல் கணவன் மனைவியை ஒரே உடலாகப் பார்க்கிறது. ஒரு கால் வலித்தால் மறுகால் தனியாக முன்னே போவதில்லை. அதைத் தியாகம் என்று யாரும் சொல்வதும் இல்லை.

இதைக் கேட்டு, "மனைவி என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும்" என்று சில ஆண்கள் தலையாட்டலாம். சற்றுப் பொறுங்கள். நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகும் வீடுகளில் நாங்கள் பார்ப்பது என்ன? கணவன் படுத்தால் கட்டிலருகே மனைவி இருக்கிறார். மனைவி படுத்தால் அங்கே இருப்பது அவருடைய அம்மா, அல்லது மகள், அல்லது பக்கத்து வீட்டு அக்கா. "அவருக்கு வேலை, சாமி" என்று அந்தப் பெண்ணே நமக்குச் சமாதானம் சொல்கிறார். பீடத்தின் முன் வாக்களித்தபோது உடல்நலத்தோடு நோயையும் பெயர்சொல்லி ஏற்றது இருவருமே அல்லவா?

ஆகஸ்ட் மாதம் வேளாங்கண்ணிக்கு நடந்து போகும் நம் குடும்பங்களையும் பாருங்கள். கணவர் கையை வீசிக்கொண்டு இருபது அடி முன்னே. மனைவி பையும் பிள்ளையுமாகப் பின்னே. மாதாவிடம் அவர் முதலில் போய்ச் சேர்ந்து என்ன செய்யப்போகிறாரோ, தெரியவில்லை! மலையில் சேர்ந்து நடப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு: மெதுவாக நடப்பவரே வேகத்தை முடிவு செய்கிறார்.

ரொமானோவுக்கு வந்திருந்தது கடுமையான இரத்த நோய். எலும்பு மஜ்ஜை இரத்தம் ஊறச் செய்வதை நிறுத்திவிட்டது. மஜ்ஜை மாற்று சிகிச்சை ஒருமுறை செய்தார்கள், பலிக்கவில்லை. மறுபடியும் செய்தார்கள். முகம் அறியாத ஒருவர் கொடுத்த மஜ்ஜையால் அவர் பிழைத்தார். இதற்கிடையில், 2010-இல், ஸ்பெயினைச் சேர்ந்த எதுர்னே பசபான் 14 சிகரங்களையும் முடித்துவிட்டார். நீவெஸ் அந்த நாள்களில் மருத்துவமனையில், ஒரு படுக்கையின் அருகே.

2014 மே மாதம் இருவரும் மறுபடியும் கஞ்சன்ஜங்காவுக்குப் போய், சேர்ந்தே உச்சியை அடைந்தார்கள். 2017 மே 11 அன்று அன்னபூர்ணாவில் பதினான்காவது சிகரம். பதினான்கையும் ஒன்றாகவே ஏறிய முதல் தம்பதி அவர்கள்தாம்.

டயாலிசிஸ் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கணவர்களுக்காகவும் மனைவியருக்காகவும், வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு மருந்துச் சீட்டோடு வரிசையில் நிற்பவர்களுக்காகவும் இப்போது ஓர் அருள்நிறை மரியே சொல்வோம்.