குறிப்பும் நிரலே



இந்தக் கருத்தரங்கில் நாம் இன்று எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் பார்வைக்குச் சிறியது. செயற்கை நுண்ணறிவு ஏஜென்ட் ஒன்றிடம் மென்பொருள் கருவியை ஒப்படைக்கும்போது, அதனோடு எழுதித் தரும் நான்கைந்து வரிக் குறிப்பு அது. நிரலை எழுதி, சோதித்து, எல்லாம் முடிந்தபின் அதை அவசரத்தில் எழுதிப் போடுவதே வழக்கமாக இருக்கிறது. ஆனால் அந்தக் குறிப்பும் நிரலின் ஒரு பகுதிதான். நிரலுக்கு நாம் தரும் கவனம் அதற்கும் உரியது. இந்த அவையில் நான் வலியுறுத்த விரும்புவது இது ஒன்றைத்தான்.

ஓபன்ஏஐ நிறுவனம் 2023 ஜூனில் தன் ஏபிஐயில், ஏஜென்டை இயக்கும் மாடல் கருவிகளை அழைக்க உதவும் ஃபங்ஷன் காலிங் வசதியைச் சேர்த்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் மாடல்களைக் கருவிகளோடு இணைக்கும் எம்சிபி என்னும் திறந்த நெறிமுறையை வெளியிட்டது. இரண்டிலும் மாடலிடம் போய்ச் சேர்வன முக்கியமாக மூன்று: கருவியின் பெயர், அதைப் பற்றிய குறிப்பு, உள்ளீடுகளை வரையறுக்கும் ஜேசான் ஸ்கீமா. கருவிக்குள் ஓடும் நிரல் மாடலின் பார்வைக்கு வருவதில்லை. மனித நிரலாளருக்கு ஐயம் எழுந்தால் மூல நிரலைத் திறந்து பார்ப்பார். பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார். ஏஜென்ட் பெரும்பாலும் குறிப்பை நம்பியே முடிவெடுக்கிறது.

பேருந்து முன்பதிவுச் சேவை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் 'டிக்கெட்_ரத்து' என்று ஒரு கருவி. குறிப்பு: "முன்பதிவைக் கையாளும்." உள்ளீடு: "எண்." பயணி ஒருவர், "என் பயணத்தை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிவையுங்கள்" என்கிறார். முன்பதிவைக் கையாளும் கருவிதானே என்று ஏஜென்ட் இதை அழைத்தால் டிக்கெட் போய்விடும். எண் என்றால் டிக்கெட் எண்ணா, கைப்பேசி எண்ணா என்பதும் தெரியவில்லை. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "உறுதியான டிக்கெட் ஒன்றை ரத்து செய்யும். ரத்தானதை மீட்க முடியாது. பயணியின் ஒப்புதல் பெற்ற பிறகே அழைக்கவும். தேதியை மட்டும் மாற்ற 'பயணத்_தேதி_மாற்று' கருவியைப் பயன்படுத்தவும்." உள்ளீட்டின் பெயர் 'டிக்கெட்_எண்.' கருவி என்ன செய்யும், எப்போது அழைக்கலாம், எப்போது கூடாது, அழைத்தால் என்ன விளையும் ஆகிய நான்கும் இதில் வந்துவிட்டன. பல குறிப்புகள் முதலாவதோடு நின்றுவிடுகின்றன.

நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று நன்னூல் வகுத்திருப்பதை நாம் அறிவோம். அவற்றுள் நான்கு கருவிக் குறிப்புகளுக்கு அப்படியே பொருந்தும். மேலே கண்ட முதல் குறிப்பு குன்றக் கூறல். ஒரே வேலையைச் செய்வனபோலத் தோன்றும் இரு கருவிகளை வேறுபாடு சொல்லாமல் அடுத்தடுத்து வைப்பது மயங்க வைத்தல். கட்டாயம் என்று குறிப்பு சொல்லும் உள்ளீட்டை ஸ்கீமா விருப்பம் என்று காட்டினால் அது மாறுகொளக் கூறல். மிகைபடக் கூறலுக்கோ இங்கே விலையே உண்டு: குறிப்பின் ஒவ்வொரு சொல்லும் மாடலின் சூழல் நினைவில் இடம்பிடிக்கிறது. நூறு கருவிகளுக்குப் பக்கம் பக்கமாக எழுதினால், பயனர் கேட்ட கேள்விக்கே இடம் சுருங்கிவிடும்.

ஒரு வரி எவ்வளவு தூரம் பாயும் என்பதற்குச் சான்று உண்டு. ஆந்த்ரோபிக் தன் இணையத் தேடல் கருவியை வெளியிட்டபோது, தேடல் சொற்களோடு 2025 என்ற ஆண்டை மாடல் தேவையின்றிச் சேர்த்துக்கொண்டிருந்தது, முடிவுகள் திரிந்தன. கருவியின் குறிப்பைத் திருத்தியே அதைச் சரிசெய்ததாக அந்நிறுவனம் எழுதியிருக்கிறது. ஆனால் எல்லாக் கோளாறும் குறிப்பால் தீராது. அதே நிறுவனத்தின் நிரலெழுதும் ஏஜென்ட், வேறு கோப்புறைக்கு மாறியபின் கோப்புகளுக்குச் சார்புப் பாதைகளைக் கொடுத்துத் தடுமாறியது. எப்போதும் முழுப் பாதையே வேண்டும் என்று கருவியையே மாற்றினார்கள், தடுமாற்றம் நின்றது. தவறான வழியை அடைக்க முடிந்த இடத்தில் அடைத்துவிடுவதே மேல். அடைக்க முடியாத இடத்தில்தான் எச்சரிக்கை வேண்டும்.

குறிப்பின் இந்த ஆற்றலுக்கு இருண்ட பக்கமும் உண்டு. குறிப்பை ஏஜென்ட் நம்புகிறது என்பதால், அதற்குள்ளேயே தீய கட்டளைகளை ஒளித்து வைக்கலாம். 2025இல் இன்வேரியன்ட் லேப்ஸ் என்னும் நிறுவனம் எம்சிபி கருவிகளில் இதைச் செய்து காட்டியது. பிறர் எழுதிய குறிப்பைப் படிக்காமல் இணைப்பது, பிறர் நிரலைப் படிக்காமல் ஓட்டுவதற்குச் சமம்.

எனவே கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். "தெளிவாக எழுதுங்கள்" என்ற அறிவுரையோடு நில்லாதீர்கள். குறிப்பில் ஒரு வாக்கியத்தை மாற்றுவதற்கு முன்னும் பின்னும் அதே பணிகளை ஓட்டிப் பாருங்கள். ஏஜென்ட் தவறான கருவியை எத்தனை முறை அழைத்தது, எந்த உள்ளீட்டில் பிழை செய்தது என்று பதிவேட்டிலிருந்து எடுத்துக் காட்டுங்கள். பயனர் தமிழில் கேட்க, குறிப்பு ஆங்கிலத்தில் இருக்கும்போது என்ன நடக்கிறது என்பதையும் சேர்த்து அளந்தால், இந்த அவை தன் பங்காக ஒன்றைத் தந்ததாகும்.

கருத்தரங்கைத் தொடங்கி வைத்து, முதல் அமர்வின் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.