வாயும் கையும் பந்தியும்



ஆராதனை முடிந்து வெளியே வருகிறவர்களிடம் ‘இன்றைக்கு எப்படி இருந்தது?’ என்று கேட்டால், பாடகர் குழு நன்றாகப் பாடியது, பிரசங்கம் கொஞ்சம் நீண்டுவிட்டது, ஒலிபெருக்கி சரியில்லை என்றெல்லாம் பதில் வரும். பாட்டும் பிரசங்கமும் செம்மையாக இருக்க வேண்டியவைதாம். ஆனால் விவிலியம் ஆராதனையை எடைபோடும்போது இவற்றைக் கொண்டு எடைபோடுவதில்லை. எதைக் கொண்டு எடைபோடுகிறது என்பதைத்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். விவிலியம் படிப்படியாக விவரிக்கும் ஒரு சடங்கை எடுத்துக்கொள்வோம். உபாகமம் 26ஆம் அதிகாரத்தில் வரும் முதற்கனிக் காணிக்கை அது.

இஸ்ரவேல் நாட்டு உழவர் ஒருவர், நிலத்தில் முதலில் விளைந்ததை ஒரு கூடையில் எடுத்துக்கொண்டு ஆலயத்துக்குப் போக வேண்டும். ஆசாரியர் கூடையை வாங்கிப் பலிபீடத்தின் முன் வைப்பார். அப்போது உழவர் வாய் திறந்து ஒரு வரலாறு சொல்ல வேண்டும். மழையைப் பற்றியோ மகசூலைப் பற்றியோ அதில் பேச்சில்லை. ‘என் முன்னோர் இடமில்லாமல் அலைந்தவர், கொஞ்சப் பேராய் எகிப்துக்குப் பிழைக்கப் போனோம், அங்கே பெருகினோம், அடிமைகளாக ஒடுக்கப்பட்டோம், கடவுளை நோக்கிக் கதறினோம், அவர் கேட்டார், எங்களை மீட்டு இந்த நிலத்தைத் தந்தார், அந்த நிலத்தின் முதல் விளைச்சல் இது’ என்பது அதன் சாரம். சொல்கிறவர் எகிப்தைக் கண்ணால் பார்த்தவர் அல்லர். பல தலைமுறை கழிந்து பிறந்தவர். ஆனாலும் ‘எங்களை’ என்றுதான் சொல்ல வேண்டும்.

அதோடு சடங்கு முடியவில்லை. கடவுள் தந்த நன்மையில் உழவரும் அவர் வீட்டாரும் மகிழ வேண்டும். அந்த மகிழ்ச்சியில் லேவியரும் அந்நியரும் பங்குகொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆலயப் பணி செய்யும் லேவியருக்கு நிலத்தில் பங்கு கிடையாது. அந்நியர் வேற்று நாட்டிலிருந்து வந்து பிழைப்பவர். அதே அதிகாரம் அடுத்து மூன்றாம் ஆண்டின் தசமபாகத்தைப் பற்றிப் பேசும்போது, இவ்விருவரோடு திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் சேர்த்துக்கொள்கிறது. இவர்களெல்லாரும் வயிறார உண்ணக் கொடுத்துவிட்டேன் என்று உழவர் கடவுள் முன் நின்று கணக்குச் சொல்ல வேண்டும்.

வாய் நினைவுகூர்கிறது, கை கொடுக்கிறது, பந்தி பகிர்கிறது. விவிலியம் மெய்யான ஆராதனை என்று கருதுவது இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்வதைத்தான் என்பது என் துணிபு. மூன்றும் தனித்தனிச் செயல்களும் அல்ல. நானும் அலைந்தவன் வழிவந்தவன் என்று வாய் சொல்லும்போது, அலைந்து வந்த இன்னொருவரைப் பந்தியிலிருந்து தள்ள முடியாது. இந்த நிலம் எனக்குத் தரப்பட்டது என்று சொன்ன பிறகு, விளைந்தது முழுவதும் என் உழைப்பே என்று கை மூடிக்கொள்ள முடியாது.

இந்தச் சடங்கு வாழ்க்கையில் எப்படி நடந்தது என்பதை மிஷ்னா என்னும் யூதச் சட்டத் தொகுப்பு அழகாகச் சொல்கிறது. ஏறத்தாழ கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட நூல் அது. கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் இடிபடும் முன் இருந்த வழக்கங்களை அது நினைவில் வைத்திருக்கிறது. தோட்டத்துக்குப் போகிறவர் முதலில் பழுக்கத் தொடங்கிய அத்திப் பழத்தைக் கண்டால், அதில் ஒரு நாணல் இழையைக் கட்டி, இது முதற்கனி என்று சொல்லிவிடுவார். தின்று மிஞ்சியதிலிருந்து காணிக்கையை எடுப்பதில்லை. பறிக்கும் முன்பே அது கடவுளுக்கு என்று ஆகிவிடுகிறது. பிறகு ஊர்க்காரர்கள் கூட்டமாகப் புறப்படுவார்கள். அருகில் உள்ளவர்கள் பச்சை அத்தியும் திராட்சையும், தொலைவில் உள்ளவர்கள் உலர்ந்தவையும் கொண்டுவருவார்கள். கொம்புக்குப் பொன்பூச்சுப் பூசி, தலையில் ஒலிவக் கிரீடம் சூட்டிய காளை முன்னே நடக்கும். புல்லாங்குழல் ஒலிக்கும். எருசலேமின் கைவினைஞர்கள் தொழிலை நிறுத்தி எழுந்து நின்று, இன்ன ஊர்ச் சகோதரர்களே வாருங்கள் என்று வரவேற்பார்கள். ஆலய மலையை அடைந்ததும், அகிரிப்பா அரசரே ஆனாலும், தம் கூடையைத் தம் தோளில்தான் சுமந்து முற்றத்துக்குள் போவார்.

அந்த நூலில் இன்னொரு செய்தி உண்டு. முதலில், வரலாற்றை வாசிக்கத் தெரிந்தவர்கள் தாங்களே சொன்னார்கள். தெரியாதவர்களுக்கு ஒருவர் எடுத்துக்கொடுக்க, அவர்கள் திரும்பச் சொன்னார்கள். ‘எனக்குத் தெரியாது என்பது எல்லார் முன்னிலையிலும் வெளிப்படுகிறதே’ என்ற வெட்கத்தால் அவர்கள் காணிக்கை கொண்டுவருவதையே நிறுத்திவிட்டார்கள். அதன்பின், தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் ஒரே மாதிரி எடுத்துக்கொடுப்பது என்று விதியை மாற்றினார்கள். ஆராதனை முறையைக் காப்பது என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. வாசிக்கத் தெரியாத ஒருவர் வெட்கப்பட்டு ஒதுங்காமல் இருப்பதற்காக, படித்தவர்கள் தங்கள் சிறப்பை விட்டுக்கொடுத்தார்கள்.

இனி வாயைப் பற்றிக் கொஞ்சம். ஆராதனையில் வாய் துதிக்க மட்டும்தானா? விவிலியத்தின் பாட்டுப் புத்தகமான சங்கீதங்களில் மொத்தம் 150 பாடல்கள். அவற்றில் மிகப் பெரிய பகுதி புலம்பல்கள். ஏன் மறந்தீர், எவ்வளவு காலம் பொறுப்பது என்று கடவுளிடமே முறையிடுகிறவை. 88ஆம் சங்கீதத்தில் கடைசிவரை ஆறுதலே வருவதில்லை. இருளைச் சொல்லியே முடிகிறது. அதையும் இறைமக்கள் தங்கள் வழிபாட்டுப் பாடல்களிலிருந்து நீக்கிவிடவில்லை. முதற்கனி செலுத்தும் உழவர் அடிமை வாழ்வை மறைக்காமல் சொன்னார் அல்லவா, அந்த உண்மைதான் இங்கும் இருக்கிறது. துக்கத்தோடு வருகிறவரையும் சிரித்தபடி கைதட்டச் சொல்லும் ஆராதனை, வாயின் பாதியை அடைத்துவிடுகிறது.

15ஆம் சங்கீதம், கடவுளின் கூடாரத்தில் தங்கத் தக்கவர் யார் என்று வாசலிலேயே கேட்கிறது. விடையில் குரல் வளமும் இல்லை, தூபமும் இல்லை. புறங்கூறாதவர், நட்டம் வந்தாலும் கொடுத்த வாக்கை மாற்றாதவர், கடனுக்கு வட்டி வாங்காதவர், குற்றமற்றவருக்கு எதிராக லஞ்சம் வாங்காதவர் என்று பட்டியல் போகிறது. உள்ளே பாடப்போகும் வாய் வெளியே என்ன பேசிற்று, கை வெளியே என்ன வாங்கிற்று என்பதுதான் வாசலில் கேட்கப்படும் கேள்வி.

இந்தக் கேள்வி மறக்கப்பட்டபோது எழுந்தவர்கள் தீர்க்கதரிசிகள். கி.மு. எட்டாம் நூற்றாண்டில், பெத்லகேமுக்குத் தெற்கே உள்ள தெக்கோவா ஊரிலிருந்து ஆடு மேய்க்கும் ஆமோஸ் புறப்பட்டார். காட்டத்தி மரங்களைப் பராமரிக்கும் வேலையும் அவருக்கு உண்டு. வட இஸ்ரவேல் நாட்டின் பெத்தேல் ஆலயத்தில் போய் நின்று அவர் பேசினார். இரண்டாம் யெரொபெயாம் அரசாண்ட செழிப்பான காலம் அது. ஆலயத்தில் பலிக்குக் குறைவில்லை, பாட்டுக்கும் யாழுக்கும் குறைவில்லை. தாமாக முன்வந்து கொடுப்பதைப் பலரறியப் பறைசாற்றிக் கொடுத்தார்கள். ஆமோஸ் கண்டது வேறு. அமாவாசையும் ஓய்வுநாளும் எப்போது முடியும், கடையைத் திறந்து மரக்காலைச் சிறிதாக்கி எடைக்கல்லைப் பெரிதாக்கி எப்போது விற்கலாம் என்ற கணக்கே ஆராதிக்கிறவர்களின் மனத்தில் ஓடியது. ஏழையிடம் அடகு வாங்கிய மேலாடையை விரித்து, பலிபீடத்தின் அருகிலேயே படுத்திருந்தார்கள். அடகு வாங்கிய மேலாடையைச் சூரியன் மறையும் முன் திருப்பித் தந்துவிட வேண்டும், அந்த ஏழைக்குப் போர்த்திக்கொள்ள வேறு துணி இல்லை என்பது யாத்திராகமச் சட்டம். அந்தச் சட்டத்தைத் தந்த கடவுளின் சன்னிதியில், அந்த ஆடையின் மேலேயே அவர்கள் சாய்ந்திருந்தார்கள். உங்கள் பாட்டின் இரைச்சல் எனக்கு வேண்டாம், நீதி ஆறாய்ப் பெருகட்டும் என்பதே ஆமோஸ் கொண்டுவந்த செய்தி. ஆசாரியர் அமத்சியா, உன் நாட்டுக்குப் போய்ப் பிழைத்துக்கொள், இது அரசனுடைய ஆலயம் என்று அவரை விரட்டப் பார்த்தார்.

இதைக் கேட்டு, சடங்கே வேண்டாம், நல்லவராக நடந்தால் போதும் என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. நான் அப்படி எண்ணவில்லை. மூன்றில் வாய் மட்டும் மிஞ்சி, கையும் பந்தியும் கெட்டுப்போனதைத்தான் ஆமோஸ் கண்டித்தார். மலைப்பிரசங்கத்தில் இயேசு சொன்னதைப் பாருங்கள். பலிபீடத்தின் முன் காணிக்கையோடு நிற்கும்போது, உன் சகோதரருக்கு உன்மேல் குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு என்கிறார். கேட்டுக்கொண்டிருந்த கலிலேயருக்கு எருசலேம் பல நாள் நடைதூரம். ஊர்வரை திரும்பி நடந்து, சமாதானமாகி, மறுபடியும் நடந்து வர வேண்டும். அவ்வளவு சிரமத்தையும் படச் சொல்கிறார். ஆனால் பிறகு வந்து காணிக்கையைச் செலுத்து என்றும் சேர்த்தே சொல்கிறார். காணிக்கை நீக்கப்படவில்லை, காத்திருக்க வைக்கப்படுகிறது.

இரண்டு காசு போட்ட ஏழை விதவையின் கதையும் இந்த வெளிச்சத்தில் வேறாகத் தெரிகிறது. காணிக்கை எடுக்கும் நேரத்தில் அவளைப் பாராட்டிப் பேசுகிறோம். பாராட்டுக்கு உரியவள்தான். ஆனால் மாற்கு நற்செய்தியில் அதற்குச் சற்று முன்னால், நீண்ட ஜெபம் செய்துகொண்டே விதவைகளின் வீடுகளை விழுங்குகிறவர்களை இயேசு கடுமையாகக் கண்டிக்கிறார். இரண்டையும் சேர்த்து வாசிக்க வேண்டும். விதவை உண்ணக் கொடுத்துவிட்டேன் என்று கணக்குச் சொல்லச் சட்டம் கேட்டது; இங்கே விதவையோ தன் பிழைப்பு முழுவதையும் பெட்டியில் போட்டுவிட்டுப் போகிறாள். அவளைப் புகழ்கிற சபை, அவள் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்றும் பார்த்தாக வேண்டும்.

மெய்யான ஆராதனை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது யோவான் நற்செய்தியின் நான்காம் அதிகாரம். சமாரியாவின் சீகார் ஊருக்கு அருகே, யாக்கோபின் கிணற்றடியில், உச்சி வேளையில் இயேசுவுக்கும் ஒரு சமாரியப் பெண்ணுக்கும் இடையே நடந்த உரையாடல் அது. கெரிசீம் மலையில் இருந்த சமாரியரின் ஆலயத்தைக் கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யூத ஆட்சியாளர் ஒருவர் அழித்திருந்தார். ஆகவே தொழ வேண்டிய இடம் இந்த மலையிலா, எருசலேமிலா என்று அந்தப் பெண் கேட்டது பொழுதுபோக்குக் கேள்வி அன்று. பழைய காயத்திலிருந்து எழுந்த கேள்வி. இயேசு அந்த வழக்கையே கடந்து போகிறார். தந்தையை ஆவியாலும் உண்மையாலும் தொழுகிற காலம் வந்துவிட்டது என்கிறார். இதைப் பலரும் மனத்துக்குள் நடக்கும் பக்தி என்று மட்டும் விளக்குகிறார்கள். கதை எங்கே போய் முடிகிறது என்று கவனியுங்கள். சமாரியர் கேட்டுக்கொண்டபடி, இயேசு அந்த ஊரில் இரண்டு நாள் தங்குகிறார். யூதர் சமாரியரோடு புழங்குவதில்லை என்று அதே அதிகாரம் முன்னால் சொல்லியிருந்தது. எங்கே தொழுவது என்று தொடங்கிய பேச்சு, யூதரும் சமாரியரும் ஒரே ஊரில் கூடித் தங்குவதில் போய் நிற்கிறது. அந்நியரும் உட்காரும் அந்தப் பழைய பந்திதான் இங்கே மறுபடி விரிகிறது.

சில பத்தாண்டுகளுக்குள் கொரிந்து நகரத்தில் அந்தப் பந்தி குலைந்தது. வசதியானவர்கள் முந்திக்கொண்டு உண்டு குடித்தார்கள். இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். நீங்கள் கூடி உண்பது ஆண்டவருடைய விருந்தே ஆகாது என்று பவுல் எழுதினார். நம் நாட்டுச் சபை வரலாற்றிலும் இதே காயம் உண்டு. இருக்கையிலும் திருவிருந்திலும் சாதி பார்த்த வழக்கத்தை உடனே ஒழிக்கும்படி, கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் 1833இல் சுற்றறிக்கை விட்டார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் அதை ஏற்க மறுத்து விலகிப்போனார்கள். இனிய பாட்டுக்கும் ஆழ்ந்த பக்திக்கும் பெயர்பெற்ற சபைகள் அவை. பந்தியில் வந்து தடுமாறின. இன்றும் கல்லறைத் தோட்டத்தில் சுவர் எழுப்பிப் பிரிக்கும் இடங்களில் அந்தத் தடுமாற்றம் தொடர்கிறது.

அந்தக் கூடை இன்றும் நம் ஊர்களில் இருக்கிறது என்பது எனக்குப் பெரிய நம்பிக்கை தருகிறது. அறுப்பின் பண்டிகையில் நெல்லும் வாழைத்தாரும் பூசணியும் பீடத்தின் முன் குவிகின்றன. சோறு பொங்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் காணிக்கைக்கென்று முதலில் எடுத்து வைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் அசனம் என்று எல்லாரும் கூடி உண்கிறார்கள். கையும் பந்தியும் இங்கே உயிரோடு இருக்கின்றன. அவற்றை இன்னும் முழுமையாக்கலாம். காணிக்கை கொண்டுவருகிறவர், தம் குடும்பம் எந்தத் துன்பத்திலிருந்து எப்படிக் கரையேறியது என்று இரண்டு வார்த்தை சொல்லட்டும். சொல்லத் தெரியாதவருக்கு ஒருவர் எடுத்துக்கொடுக்கட்டும். காணிக்கைப் பொருள்களின் ஏலத்தில் யார் அதிகம் கேட்டார் என்பதைவிட, கேட்க வசதியில்லாதவர் என்ன கொண்டுபோகிறார் என்பதில் சபை அக்கறை காட்டட்டும். வேலை தேடி வெளி மாநிலத்திலிருந்து நம் ஊருக்கு வந்திருக்கும் தொழிலாளிக்கும் அசனப் பந்தியில் இலை போடுவோம். விவிலியம் பெயர் சொல்லி அழைத்த அந்நியர் அவர்தான்.

இதற்கெல்லாம் பெரிய கட்டடமோ விலை உயர்ந்த இசைக்கருவியோ தேவையில்லை. மிகச் சிறிய சபையும் வருகிற ஞாயிறே தொடங்கலாம். ஆராதனை எப்படி இருந்தது என்று அடுத்த முறை யாராவது கேட்டால், வாய் உண்மை பேசியதா, கை முதலானதைக் கொடுத்ததா, பந்தியில் யாருக்கெல்லாம் இடம் இருந்தது என்று பார்த்துப் பதில் சொல்வோம்.