பயணம் பதினான்கு மணி நேரம், அம்மாவோடு நான்கு மணி நேரம்



'பெருநாள் பயணம் உறவை வளர்க்கிறதா, அலைச்சலை வளர்க்கிறதா?' என்பது இன்றைய கருத்தரங்கின் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய நண்பர் தீபாவளிப் பயணத்தைப் பற்றிச் சொன்னார். நான் கிறிஸ்துமஸ் பயணத்தைப் பற்றி, அதுவும் எனக்குப் பழக்கமான கோல சிலாங்கூர், வட சிலாங்கூர் தோட்டப்புறங்களை வைத்துச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஒன்றை நினைத்துப் பாருங்கள். கிறிஸ்துமஸ் கதையே ஒரு நீண்ட பயணத்தில்தான் தொடங்குகிறது. ரோமப் பேரரசன் அகுஸ்து மக்கள்தொகைக் கணக்கு எடுக்கச் சொன்னான், அவரவர் தம் பூர்வீக ஊருக்குப் போய்ப் பேர் பதிய வேண்டும் என்று கட்டளை பிறந்தது என்று லூக்கா நற்செய்தி சொல்கிறது. சூசையப்பர் நிறைமாதக் கர்ப்பிணியான மரியாளை அழைத்துக்கொண்டு நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குப் போனார். இன்றைய கணக்கில் ஏறக்குறைய 150 கிலோ மீட்டர். காரில் இரண்டு மணி நேரம். அன்று பல நாள் நடை. அப்படிக் கஷ்டப்பட்டுச் சொந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தால், அங்கே தங்க இடம் இல்லை.

சொந்த ஊர் உண்டு, ஆனால் அங்கே வீடு இல்லை. இந்த நிலைமை பெத்லகேமோடு முடிந்துவிட்டதா? இல்லை. நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு இன்றும் அதே நிலைமைதான்.

லயத்து வீட்டில் ஒரு பெருநாள்

அந்தக் காலத்தில் தோட்டத்தில் கிறிஸ்துமஸ் எப்படி இருந்தது என்று பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். கத்தோலிக்கர், மெதடிஸ்ட், தரங்கம்பாடியின் வழி வந்த லுத்தரன் சபையார் என்று ஒவ்வொரு தோட்டத்திலும் சில குடும்பங்கள் இருக்கும். சாமியார் எப்போதோ ஒருமுறைதான் வருவார். நடுச்சாமப் பூசைக்குப் பட்டணத்துக் கோயிலுக்குத்தான் போக வேண்டும். தோட்டத்து லோரி கிடைத்தால் லோரி. இல்லாவிட்டால் சைக்கிள். அதுவும் இல்லாவிட்டால் டார்ச் லைட் அடித்துக்கொண்டு செம்மண் சாலையில் நடை. நீண்ட பயணம் என்றால் அன்று அவ்வளவுதான். மகனும் மகளும் அதே லயத்தில் நான்கு கதவு தள்ளி இருந்தார்கள். வந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

மூங்கிலை வளைத்து, கலர்த் தாள் ஒட்டி, நட்சத்திரம் கட்டுவார்கள். வீட்டு மூலையில் வைக்கோல் போட்டுக் குடில் வைப்பார்கள். அச்சு முறுக்கு, நெய் உருண்டை, கெட்டி உருண்டை என்று தட்டுத் தட்டாக மாரியம்மன் கோயில் பக்கத்து வீடுகளுக்கும் போகும். தீபாவளிக்கு அங்கிருந்து வந்த தட்டு சும்மா திரும்பக் கூடாது அல்லவா? தோட்டத்தில் கிறிஸ்தவக் குடும்பம் பத்தாக இருக்கலாம், ஆனால் கிறிஸ்துமஸ் கொண்டாடியது முழுத் தோட்டமும்தான்.

மரம் மாறியது, மக்களும் மாறினார்கள்

அந்த லயம் ஏன் காலியானது? பிள்ளைகளுக்குப் பாசம் குறைந்துவிட்டது என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அது முழு உண்மை அல்ல.

நம் நாட்டில் வணிக முறையில் செம்பனை முதன்முதலாக நடப்பட்டது கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தெனமாராம் தோட்டத்தில்தான். ஆண்டு 1917. நட்டவர் ஹென்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். இந்த நாட்டைப் பற்றி அவர் எழுதிய நாவலுக்கு 1930-இல் பிரான்சின் கொன்கூர் பரிசு கிடைத்தது. இன்று நாடு முழுவதும் 50 லட்சம் ஹெக்டருக்கு மேல் செம்பனை நிற்கிறது.

பால்மரம் கைகளைக் கேட்கும் மரம். விடியுமுன் ஒவ்வொரு மரமாக நின்று வெட்ட வேண்டும், பிறகு பால் எடுக்க வேண்டும். அதனால் குடும்பம் குடும்பமாக ஆள் தேவைப்பட்டது. செம்பனை அப்படியல்ல. ஒரு மரத்துக்குப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை போய்க் குலை வெட்டினால் போதும். அதே நிலத்துக்குக் குறைந்த ஆள் போதும். பால்மரம் போய்ச் செம்பனை வந்த இடத்தில் லயத்துக் கதவுகள் ஒவ்வொன்றாக மூடின. பிறகு வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். அதன் பிறகு சில தோட்டங்கள் கைமாறின, சில இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மிஞாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் ஒரு சொந்த வீட்டுக்காக எத்தனை காலம் போராடினார்கள் என்பது பத்திரிகை வாசிக்கும் உங்களுக்குத் தெரியும்.

ஆக, நம் பிள்ளைகள் ஓடிப்போனவர்கள் அல்லர். பிழைப்பு அவர்களை ஜொகூருக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பியது. பத்தாங் பெர்ஜுந்தை என்று பிறப்புப் பத்திரத்தில் இருக்கும் ஊருக்கே 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பேர் மாறிவிட்டது. வீடும் போய், ஊர்ப் பேரும் மாறிய பிறகு, 'எங்கே போகிறாய்?' என்று கேட்டால் அந்தப் பிள்ளைக்குச் சொல்ல ஒரே ஒரு பதில்தான் மிச்சம்: 'அம்மாகிட்ட போறேன்.'

ஒரு கணக்குப் பார்ப்போம்

எனக்குத் தெரிந்த ஒரு தாயார் பெஸ்தாரி ஜெயாவில் ஒரு மலிவு விலை வீட்டில் இருக்கிறார். முப்பது வருஷம் பால் வெட்டியவர். கணவர் இல்லை. மூத்த மகன் ஜொகூர் பாருவில் இருக்கிறார். அந்த மகனே என்னிடம் சொன்ன கணக்கு இது.

ஜொகூர் பாருவிலிருந்து பெஸ்தாரி ஜெயாவுக்கு ஏறக்குறைய 400 கிலோ மீட்டர். சாதாரண நாளில் ஐந்து மணி நேரத்தில் வந்துவிடலாம். 24-ஆம் தேதி காலையில் கிளம்பினால் சிரம்பானிலிருந்தே நெரிசல். எட்டு மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக்கு வீடு வந்து சேர்கிறார்கள். 'வந்துட்டியாப்பா, சாப்பிட்டியா?' என்று அம்மா கேட்கிறார். மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு, 'நாளைக்கு வேலைம்மா, ரோடு ஜாமாயிடும்' என்று கிளம்பிவிடுகிறார்கள். திரும்பிப் போக ஆறு மணி நேரம்.

ஆறிலிருந்து இரண்டு வரை இருபது மணி நேரம். அதில் தூக்கம் ஏழு மணி நேரம். கோயிலுக்குப் போய் வர மூன்று மணி நேரம். குளித்து உடுத்த இரண்டு மணி நேரம். பட்டணத்தில் பழைய நண்பர்களைப் பார்க்க இரண்டு மணி நேரம். கைப்பேசியில் வாழ்த்துச் செய்தி பார்க்கவும் அனுப்பவும் இரண்டு மணி நேரம். மிச்சம் நான்கு மணி நேரம். அந்த நான்கு மணி நேரத்திலும் அம்மா பாதி நேரம் அடுப்படியில் நிற்கிறார்!

சாலையில் பதினான்கு மணி நேரம், அம்மாவோடு நான்கு மணி நேரம். இந்தக் கணக்கைப் போட்ட அன்று அந்த மகனுக்குத் தூக்கம் வரவில்லையாம். 'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்று நம் முன்னோர் சொன்னது, விருந்தாளி அதற்கு மேல் தங்கக் கூடாது என்பதற்காக. இன்று பெற்ற பிள்ளையே ஒரு நாள் முழுதாகத் தங்குவதில்லை.

சாலைகள் வந்துவிட்டன என்று நாம் சந்தோஷப்படுகிறோம். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை 1994-இல் முழுமையானது. சிங்கப்பூருக்கு இரண்டாவது பாலம் 1998-இல் வந்தது. ஈஜோக்கிலிருந்து தெம்ப்ளர் பார்க் வரை போகும் லத்தார் நெடுஞ்சாலை 2011-இல் திறந்தது. ஒவ்வொரு சாலையும் பயண நேரத்தைக் குறைத்தது. ஆனால் மிச்சமான அந்த நேரம் அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்ததா? 'சீக்கிரம் வந்துவிடலாம்' என்பது 'சீக்கிரம் திரும்பிவிடலாம்' என்று ஆகிவிட்டது.

எல்லை மூடிய இரண்டு வருஷம்

இது பெரிய விஷயமா என்று சிலர் கேட்கலாம். பெருந்தொற்றுக் காலத்தை மறந்துவிட்டீர்களா? 2020 மார்ச் 18-இல் நம் நாட்டு எல்லை மூடப்பட்டது. அந்த வருஷம் டிசம்பர் 7 முதல் மாநிலம் விட்டு மாநிலம் போகலாம் என்றார்கள். ஜொகூரில் இருந்தவர்கள் கிறிஸ்துமஸுக்கு வீடு வந்தார்கள். ஆனால் சிங்கப்பூரில் வேலை செய்த பிள்ளைகள், ஒரு மைல்கூட இல்லாத நீரிணைக்கு அந்தப் பக்கம் நின்று வீடியோவில் அம்மாவைப் பார்த்தார்கள். எல்லை முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1-ஆம் தேதி. இடையில் இரண்டு கிறிஸ்துமஸ் போய்விட்டது. அதற்குள் அம்மாவோ அப்பாவோ போய்விட்ட வீடுகளும் உண்டு. அந்தப் பிள்ளைகளிடம் போய், 'ஒரு நாள் கூடுதலாகத் தங்குவது பெரிய விஷயமா?' என்று கேட்டுப் பாருங்கள்.

என்ன செய்யலாம்?

குறை மட்டும் சொல்லிவிட்டு உட்கார எனக்கு மனமில்லை. மூன்று யோசனை சொல்கிறேன்.

ஒன்று, விடுப்பு. கிறிஸ்துமஸுக்குப் பொது விடுமுறை ஒரே நாள்தான். ஆகவே ஆண்டு விடுப்பில் இரண்டு நாளை இதற்கென்று முன்கூட்டியே ஒதுக்குங்கள். கடைசி நேரத்தில் கேட்டால் எந்த முதலாளியும் முகம் சுளிப்பார். 23-ஆம் தேதி வந்து 26-ஆம் தேதி திரும்பினால் பயண நேரம் அதேதான், டோல் கட்டணமும் அதேதான். ஆனால் தங்கும் நேரம் மூன்று மடங்கு.

இரண்டு, இரவுப் பயணம். நடுச்சாமப் பூசை முடிந்த கையோடு 'சாலை காலியாக இருக்கும்' என்று காரை எடுக்காதீர்கள். பெருந்தொற்றுக் காலத்தைத் தவிர்த்துப் பார்த்தால், நம் நாட்டுச் சாலைகளில் ஆண்டுக்கு 6,000 பேருக்கு மேல் உயிரிழக்கிறார்கள். அதில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். காலையிலிருந்து விழித்திருந்த கண் விடியற்காலை மூன்று மணிக்கு நம் பேச்சைக் கேட்காது. அம்மா வீட்டில் பாய் விரித்துப் படுங்கள். அந்தப் பாயில்தானே வளர்ந்தோம்?

மூன்று, தோட்டத்துக்கு ஒரு நடை. நான் சொன்ன அந்த மகன் போன வருஷம் மூன்று நாள் தங்கினார். பெருநாளுக்கு மறுநாள் அம்மாவையும் பிள்ளைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு பழைய தோட்டத்துக்குப் போனார். லயம் இல்லை. செம்பனை நிற்கிறது. மாரியம்மன் கோயில் இருக்கிறது, ஒரு மாமரம் இருக்கிறது. 'பாட்டி, உங்க வீடு எங்கே?' என்று பேத்தி கேட்டாள். அம்மா மாமரத்திலிருந்து எண்ணிக்கொண்டே நடந்து போய், ஒரு செம்பனை மரத்தடியில் நின்று, 'இங்கதான் அடுப்பு, இங்கதான் உங்க அப்பன் பொறந்தான்' என்றாராம். அதன் பிறகு பக்கத்து வீட்டுக்காரர்கள் பேரையெல்லாம் வரிசையாகச் சொல்லியிருக்கிறார். யார் வீட்டுத் தீபாவளித் தட்டு முதலில் வரும் என்பது வரைக்கும். 'இதையெல்லாம் நான் இத்தனை வருஷமாகக் கேட்டதே இல்லை, கேட்க நேரம் இருந்ததில்லை' என்று அவர் என்னிடம் சொன்னார்.

அந்தக் கதைகள் எந்த அலுவலகத்திலும் பதிவாகவில்லை. அந்தத் தாய் இருக்கும் வரைதான் அவை இருக்கும். நான்கு மணி நேரத்தில் அவற்றைக் கேட்டு முடிக்க முடியாது.

எனவே, பெருநாள் பயணம் அலைச்சலா, உறவா என்று கேட்டால், என் பதில் இதுதான். போய்ச் சேர்வது அலைச்சல். போய்த் தங்குவதுதான் உறவு. பெத்லகேமில் சத்திரக்காரன் இடமில்லை என்றான். நம் அம்மாக்கள் அப்படிச் சொல்பவர்கள் அல்லர். இரண்டு அறை வீட்டில் பன்னிரண்டு பேருக்கும் இடம் வைத்திருக்கிறார்கள். நேரமில்லை என்று சொல்பவர்கள் நாம்தான்.

இந்த வருஷம் அதைச் சொல்லாமல் இருப்போம். விடுப்புப் படிவத்தை நாளைக்கே நிரப்பிக் கொடுங்கள்.