அச்சும் கீறலும்



பத்தாம் ஆண்டு விழாவில் பானையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன், பொறுத்தருள்க.

இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ஸ்பாங் ஹில் என்றோர் ஈமக்காடு. 1972 முதல் 1981 வரை அங்கு நடந்த அகழாய்வில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சாம்பல் தாழிகள் வெளிப்பட்டன. கி.பி. 5, 6ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கிலோ-சாக்சன் மக்கள் புதைத்தவை. பல தாழிகளின் தோளில் வட்டம், சிலுவை, பூவிதழ் எனச் சிறு முத்திரைகள் வரிசையாகப் பதிந்துள்ளன. ஈரம் உலருமுன் குயவர் அழுத்தியவை அவை. அத்தகைய அச்சுகள் சில மான்கொம்பால் ஆனவை. கொம்புத் துண்டின் முனையைச் சமமாக அறுத்து, அதில் கோலத்தை வெட்டிக்கொண்டனர். மாட்டுக்கொம்பு வேறு, மான்கொம்பு வேறு. பின்னது எலும்பு, உதிர்ந்து மீண்டும் முளைப்பது. காட்டில் கிடப்பதைப் பொறுக்கிக்கொள்ளலாம். மானைக் கொல்ல வேண்டுவதில்லை. நம் சோலைக்காட்டுக் கடமானும் கொம்பு உதிர்ப்பதே.

அச்சில் ஒரு சிறு சிதைவு இருந்தால், அது பதிந்த தாழிகளில் எல்லாம் அச்சிதைவு தொடரும். அதைக் கொண்டு, பல தாழிகள் ஒரே பட்டறையில் பிறந்தவை என இன்று கண்டறிகிறார்கள். குயவரின் பெயர் தெரியாது, கை தெரிகிறது.

நம் மலைக்கு வருவோம். பழனிமலைக் கல்திட்டைகளைப் பற்றி ஆங்லேட், நியூட்டன் என்னும் இரு பாதிரிமார் எழுதிய நூலைத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. அடிவாரத்துப் பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் 2009, 2010ஆம் ஆண்டுகளில் அகழ்ந்தபோது, ஓர் ஈமக்குழியில் நான்கு கால் சாடியும் அதனுள் ஏறத்தாழ 2 கிலோ நெல்லும் கிடைத்தன. உடனிருந்த பிரிமனையில் 'வய்ர' என்னும் தமிழி எழுத்துகள். அந்நெல்லின் காலம் கி.மு. 490 என்றது கரிமக் கணிப்பு. எழுத்தின் தொன்மை பற்றி எழுந்த வாதம் நீங்கள் அறிந்ததே.

நம் பானைக் கீறல்களில் பெரும்பாலானவை சுட்ட பிறகு கீறப்பட்டவை. ஆகவே அவை பெரிதும் உடையவரின் குறிகள். வனைந்தவரின் குறிகள் அல்ல. எழுத்தைக் கண்ட மகிழ்ச்சியில் நாம் பானையை மறந்துவிட்டோம் என்பது என் குறை.

புறநானூற்று 256ஆம் பாட்டில் கணவனை இழந்த ஒருத்தி, தனக்கும் இடம் இருக்குமாறு தாழியை அகலமாக வனையும்படி குயவனை வேண்டுகிறாள். குயவன் மறுமொழி சொன்னதாகப் பாட்டில் இல்லை. அவன் பக்கம் நின்று எழுதிய கவிதை ஒன்றை இவ்வட்டத்தில் கேட்க விரும்புகிறேன்.