எருக்கம்பூவும் பாட்டியின் கையும்

(விநாயகர் சதுர்த்தி விழாவில் ஆற்றிய உரை)



இன்று காலை பிள்ளையாருக்குச் சார்த்தப்பெற்ற எருக்கம்பூ மாலையைக் கண்டு வணங்கினோம். அம்மாலையைத் தந்த செடியைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறேன்.

எருக்கு தரிசிலும் மணற்பாங்கிலும் தானே முளைத்துத் தழைக்கும் செடி. ஆடுமாடுகளும் பெரும்பாலும் அதனைத் தீண்டா. ஆயினும், எளிய எருக்கம்பூவைப் படைத்தாலும் தெய்வம் வேண்டாமென்று ஒதுக்குவதில்லை என்னும் கருத்தைக் கபிலர் புறநானூற்றின் 106ஆம் பாடலில், பாரியின் கொடைக்கு உவமையாக வைத்துள்ளார்.

அச்செடி நம் முன்னோர்க்கு மருந்தாகவும் விளங்கியது. தோட்டத்து லயத்தில் வாழ்ந்த என் பாட்டியார், பால்மரம் வெட்டிக் களைத்துவரும் பெண்களின் குதிகால் வலிக்கு எருக்கிலையையே நாடுவார். செங்கல்லைச் சுட்டு, அதன்மேல் இலைகளைப் பரப்பி, பொறுக்கும் சூட்டில் குதிகாலை வைக்கச் சொல்வார். மூட்டு வீக்கத்திற்கு விளக்கெண்ணெய் தடவிய இலையை அனலில் வாட்டிக் கட்டுவார். சித்த மருத்துவர்கள் எருக்கம்பூவை முறைப்படி மருந்தாக்கி, இரைப்பு, இருமல் ஆகியவற்றுக்கு வழங்குவதும் உண்டு.

பாட்டியார் இலையைப் பறித்தவுடன், காம்பைக் கீழ்நோக்கிப் பிடித்துப் பால் வடியும்வரை காத்திருப்பார். சிறுவர்களாகிய எங்களை அருகே விடமாட்டார். கைகளைத் தேய்த்துக் கழுவிய பின்னரே முகத்தைத் தொடுவார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் என் பேத்தி எருக்கம்பூ மாலை கட்டிய கையால் கண்ணைக் கசக்கிவிட்டாள். வலியில்லை என்றாள், நாங்களும் வாளாவிருந்தோம். மாலைக்குள் பார்வை மூட்டமிட்டது. மருத்துவமனைக்கு விரைந்தோம். எருக்கம்பால் கருவிழிப் படலத்தின் உட்புறத்தைத் தாக்கி வீங்கச் செய்யும் என்றும், வலி தெரியாமையே அதன் பெருங்கேடு என்றும் மருத்துவர் விளக்கினார். இறையருளால் பார்வை மீண்டது. பூவின் பெருமையைப் பேத்திக்குச் சொன்ன நான், பாட்டியின் கைகழுவலைச் சொல்லத் தவறினேன். அக்குற்றம் என்னுடையது.

ஆகவே அன்பர்களே, எருக்கம்பால் கண்ணில் பட்டால் உடனே ஓடும் தூயநீரில் இருபது நிமிடமேனும் கழுவுங்கள். வலியில்லை என்று காத்திராது அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். அப்பாலில் இதயத் துடிப்பைத் தடுமாறச் செய்யும் நஞ்சு உண்டு. எனவே எருக்கின் எப்பகுதியையும் தாமாக உட்கொள்ளல் ஆகாது. நீரிழிவினால் பாதத்தில் உணர்ச்சி குன்றியோர் செங்கல் ஒத்தடத்தையும் தவிர்த்தல் வேண்டும். சூடு தெரியாமல் புண்ணாகிவிடும்.

நிருவாகத்தினர்க்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு மாலை கட்டும் இடத்தில் ஒரு வாளி நீரும் சவர்க்காரமும் வைக்கப்பட வேண்டும். பிள்ளைகளின் அருகே விவரமறிந்த பெரியவர் ஒருவர் அமர வேண்டும். மருந்தை மட்டும் நினைவில் வைத்து, அதனைக் கையாளும் முறையை மறந்தோமானால், முன்னோர் தந்ததில் பாதியைத்தான் காத்தவர்களாவோம்.