தாதிக் கல்வியும் நம் இல்லத்தாரும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

இப்பெருஞ் சபையின் முன்னின்று பேசுதற்குரிய கல்வியேனும் வாக்கு வன்மையேனும் எம்மிடத்தில் இல்லை. ஆயினும், கல்வியைப் பற்றி நாலு வார்த்தை சொல்லவேண்டுமென்று காரியதரிசி அவர்கள் பணித்தபொழுது, நெடுநாளாக எம் நெஞ்சை உறுத்திக்கொண்டிருந்த ஒரு குறையை உங்கள் முன் வெளியிடுதற்கு இதுவே தக்க சமயமென்று எண்ணி இசைந்தோம். யாம் கூறப்போவது பிறர் குற்றமன்று, எம் குற்றமே. ஆனால் அக்குற்றம் இங்குள்ள பல இல்லங்களிலும் நிகழ்வதாதலின், அதனைப் பொதுவிற் சொல்வது நலமென்று கருதுகின்றோம்.

நம்மவரில் தாதிக் கல்வி, அதாவது நர்ஸிங் படிக்கும் பெண்மக்கள் ஆண்டுதோறும் பெருகி வருகின்றனர். ஆண்மக்கள் சிலரும் சேர்ந்துள்ளனர். இடங் கிடைத்த அன்று நாம் ஊரெல்லாம் சர்க்கரை வழங்குகின்றோம். ஆறு மாதங் கழிந்தபின் என் செய்கின்றோம்? "பொங்கலுக்கு வரவில்லை, போன் செய்தால் எடுப்பதில்லை, ஒருநாள் லீவு கேட்கக்கூடத் தெரியவில்லை, படிப்பு வந்ததும் சொந்தபந்தம் மறந்துவிட்டது" என்று குறைகூறத் தொடங்குகின்றோம்.

எம் இல்லத்தில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். எம் மூத்த குமாரனுக்கு விவாகம் நிச்சயமாயிற்று. இளைய குமாரத்தி அப்பொழுது தாதிக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு வாசித்துக்கொண்டிருந்தாள். நம் வழக்கப்படி மணமகன் தங்கையே நாத்தனார் முடிச்சுப் போடவேண்டியவள். பந்தக்கால் நடுவது முதல் மறுவீடு வரையில் ஐந்து நாள் அவள் உடனிருக்கவேண்டுமென்பது வீட்டிலுள்ளார் விருப்பம். அவளோ, "முகூர்த்தத்தன்று விடியற்காலை வந்து அன்று இரவே திரும்புவேன்" என்று எழுதிவிட்டாள். அவ்வாறே வந்தாள்; முடிச்சுப் போட்டாள்; பந்தியில் ஓர் இலையில் உட்கார்ந்தெழுந்தாள்; இரவு பஸ் ஏறிப் போய்விட்டாள். "இதென்ன கலெக்டர் உத்தியோகமோ?" என்றார் ஒருவர். "கால் தூக்கி விடுகிற படிப்புக்கு இவ்வளவு பிகுவா?" என்றார் மற்றொருவர். இவற்றைக் கேட்டு மறுமொழி சொல்லாதிருந்தோம். அதனினும் இழிவாக, அவளோடு நாற்பது நாள் பேசாதிருந்தோம்.

பின்னர் ஒருநாள், அவளை நேரிற் கண்டு கண்டித்து வரலாமென்று முன்னறிவிப்பின்றி விடுதிக்குச் சென்றோம். வார்டில் இருக்கின்றாள் என்றனர். இரண்டு மணி நேரம் விடுதி வாயிற் பலகையில் உட்கார்ந்திருந்தோம். அவள் வந்தபொழுது முகம் வெளிறியிருந்தது. மூன்று வாரமாக அவள் பார்த்துவந்த ஒரு மூதாட்டி அன்று நண்பகலில் இறந்துபோனாராம். ஊசிகளையும் குழாய்களையும் நீக்கி, உடலைத் துடைத்து, கண்ணை மூடி, வாய் கட்டி, உறவினரிடம் ஒப்புவித்துவிட்டு வருகின்றாள். எம்மைக் கண்டதும், "அப்பா, தாங்கள் கோபித்துக்கொள்ள வந்திருந்தால் நாளைக்குக் கோபித்துக்கொள்ளுங்கள், இன்று என்னால் தாங்கமுடியாது" என்றாள்.

இதற்குமேல் கண்டிப்பதற்கு என்ன உளது? அவ்விடத்திலேயே அவள் எல்லாவற்றையும் சொன்னாள். படிப்பை விட்டுவிடலாமென்று இருமுறை எண்ணினாளாம். வேலை கடினமென்பதாலன்று, இரவுக் கண்விழிப்பாலன்று. "வேலைக் களைப்பு தூங்கினால் போய்விடுகிறது. வீட்டில் யாரும் பேசாதது தூங்கினாலும் போகவில்லை" என்றாள். அன்றுதான் அக்கல்வி இன்னதென்று யாம் விசாரித்து அறிந்தோம். மகளைச் சேர்த்து இரண்டாண்டாகியும் அதற்குமுன் ஒருநாளும் கேட்டோமில்லை!

அறிந்தவற்றுட் சிலவற்றைச் சொல்வோம். பி.எஸ்ஸி. நர்ஸிங் என்பது நான்கு ஆண்டுக் கல்வி. டிப்ளமோ மூன்று ஆண்டு. உடற்கூறு, உடலியக்கம், நுண்ணுயிர், மருந்தியல், உணவு, உளவியல், சமூகவியல் என்று பாடங்கள் ஒருபுறம். அவற்றோடு, பெரியோர் நோய், குழந்தை நோய், மனநோய், பிரசவம், ஊர்ச் சுகாதாரம் ஆகிய ஒவ்வொரு பகுதியிலும் ஆஸ்பத்திரியிலும் கிராமங்களிலும் நேரே நின்று பயிலவேண்டும். பகலில் வார்டு, மாலையில் வகுப்பு, இரவில், தான் பார்த்த நோயாளிக்குரிய பராமரிப்புத் திட்டத்தை நோட்டில் எழுதவேண்டும். மற்றக் கல்லூரி மாணவர் பாடம் படித்தால் பரீட்சை எழுதலாம். இவர்கள் பாடமும் படித்துப் பணியும் செய்தாலொழியப் பரீட்சைக்கே செல்லமுடியாது.

லீவு கேட்டால் கொடுக்கமாட்டார்களா என்கின்றோம். இந்திய நர்ஸிங் கவுன்ஸில் வகுத்துள்ள விதி யாதெனில், பாடத்திலும் செய்முறையிலும் 100-க்கு 80 வருகை இருந்தாலன்றிப் பரீட்சை எழுதவியலாது. வராமைக்குக் காரணம் எதுவாயினும் விலக்கில்லை. அன்றியும், ஆஸ்பத்திரிப் பயிற்சியில் ஒவ்வொரு பகுதியிலும் 100-க்கு 100 நிறைவு செய்தாலன்றிப் பட்டமில்லை. விவாகத்திற்காக ஐந்து நாள் விட்டால் அந்த ஐந்து நாளையும் பின்னர் நின்று ஈடுசெய்தே தீரவேண்டும். இவ்விதி கொடியதென்று எமக்கும் முதலில் தோன்றிற்று. பின்பு, நம் பேரக்குழந்தைக்கு ஊசி போட வருபவள் ஊசி போடக் கற்பித்த நாளில் வகுப்புக்கு வராதவளாயிருந்தால் நமக்குச் சம்மதமாவென்று எண்ணிப் பார்த்தோம். விதியின் நியாயம் விளங்கிற்று.

வேலையின் நுட்பத்திற்கு ஓர் உதாரணம். நோயாளிக்கு 500 மில்லி லிட்டர் மருந்து நீரை 8 மணி நேரத்தில் ஏற்றுக என்று டாக்டர் எழுதுகின்றார். ஒரு மில்லி லிட்டருக்கு 20 துளி விழும் குழாயானால், மொத்தம் 10,000 துளிகளை 480 நிமிஷத்தில் விடவேண்டும். அதாவது நிமிஷத்திற்கு ஏறக்குறைய 21 துளி. இதனைக் கணக்கிட்டு, கடிகாரத்தைப் பார்த்துத் துளியை எண்ணி, குழாயின் திருகைச் சரிசெய்யவேண்டும். இருதய நோயாளிக்கு விரைந்து ஓடிவிட்டால் நுரையீரலில் நீர் கோத்து உயிருக்கே அபாயமாகும். பிறந்த குழந்தை நிமிஷத்திற்கு 30 முதல் 60 முறை மூச்சுவிடும். அதனை ஒரு முழு நிமிஷம் எண்ணவேண்டும். அரை நிமிஷம் எண்ணி இரட்டித்தல் கூடாது. மருந்து கொடுக்குமுன் ஆள் சரியா, மருந்து சரியா, அளவு சரியா, கொடுக்கும் வழி சரியா, நேரம் சரியா என்று ஐந்தும் பார்க்கவேண்டும். இவ்வளவையும் இருபது வயதுப் பெண் இரவு மூன்று மணிக்குச் செய்கின்றாள். அவளைத்தான் காலை பத்து மணிக்கு எழுப்பி, "இன்னும் என்ன தூக்கம்?" என்று கேட்கின்றோம்.

இனி, நம்மவர் வெளிப்படச் சொல்லாமல் உள்ளே வைத்திருக்கும் குறை ஒன்றுண்டு. "நம் குலத்துப் பெண் யார் யாருடைய அசுத்தத்தையோ எடுப்பதா?" என்பது அது. குலத்தின் பேரால் கூடிய இச்சபையில் இதனை மறைத்துப் பேசுதல் தகாது. நோயாளி இன்ன குலத்தானென்று கேட்டுத் தொடுபவள் தாதியல்லள். நாம் நோயுற்றுப் படுக்கும்பொழுது நம்மைப் புரட்டிக் கிடத்தித் துடைப்பவர் யாரென்று நாம் கேட்பதில்லை. கேட்கும் நிலையிலும் இருப்பதில்லை. பெறும்பொழுது உயர்வான தொண்டு, செய்யும்பொழுது இழிவாவது எங்ஙனம்? திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தின் நான்கு கூறுகளை வகுத்தவிடத்து, நோயாளி, மருத்துவன், மருந்து என்பவற்றோடு அருகிருந்து பணிபுரிவோனையும் ஒரு கூறாக வைத்தார். மூன்றிருந்தும் நான்காவது இல்லையேல் மருத்துவம் நிறைவுறாது.

இல்லத்தாரின் தடை இன்று தோன்றியதன்று. 1820-ஆம் ஆண்டில் பிறந்த புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் செல்வக் குடும்பத்தினர். தாதித் தொழில் பயிலவேண்டுமென்று அவர் விரும்பிய பொழுது, தாயும் தமக்கையும் கடுமையாக எதிர்த்தனர். அக்காலத்தில் அது குடிப்பிறந்தாருக்கு ஏலாத தொழிலாக எண்ணப்பட்டது. பல ஆண்டுகள் காத்திருந்து, 1851-இல் ஜெர்மனியில் கைஸர்ஸ்வெர்த் என்னுமிடத்தில் சில மாதமே பயிற்சி பெற்றார். 1854-இல் கிரிமியப் போரிற் காயமுற்ற வீரர்க்குத் தொண்டு செய்யப் புறப்பட்டார். 1860-இல் லண்டனில் தாதிப் பள்ளியை நிறுவினார். வீட்டார் தடையால் கழிந்த ஆண்டுகள் எத்தனை நோயாளிகளுக்கு நஷ்டமோ, யார் கணக்கிட வல்லார்?

நம் நாட்டுச் செய்தியும் ஒன்று. 1890-ஐ ஒட்டிய காலத்தில், திண்டிவனத்தில் தாயாரைப் பார்க்க வந்திருந்த ஐடா ஸ்கடர் என்னும் இளம் அமெரிக்கப் பெண்ணிடம் ஒரே இரவில் மூவர் வந்து, தத்தம் மனைவியர் பிரசவ வேதனைக்கு உதவி வேண்டினர். அவள் தந்தையார் டாக்டராயிருந்தும் ஆடவர் என்பதால் அழைக்க மறுத்துவிட்டனர். பொழுது விடியுமுன் மூன்று பெண்களும் மாண்டனர். அதுகண்டு மருத்துவம் பயின்று திரும்பிய அவ்வம்மையார், 1909-இல் வேலூரில் தாதிப் பயிற்சியைத் தொடங்கினார். 1946-இல் அங்கே தாதிக் கல்லூரி ஏற்பட்டது. பயின்ற பெண் இல்லாமையால் மாண்டவர் நம் பாட்டிமாரே. இன்று பயிலும் பெண்ணைப் பார்த்து, "வளைகாப்புக்கு வரவில்லையே" என்று நாம் வருந்துகின்றோம்.

ஆதலின் இல்லத்தாருக்குச் சில விண்ணப்பங்கள். நாள் குறிக்குமுன் பஞ்சாங்கத்தைப் பார்ப்பதுபோல் மாணவியின் பரீட்சை அட்டவணையையும் ஒருமுறை பாருங்கள். இரவுப் பணி முடித்து உறங்குவாளை எழுப்பாதீர்கள். பரீட்சை சமயத்தில் வரன் பேச்செடுக்காதீர்கள். வீட்டுக்கு வந்த அன்றே, "பெரியப்பாவுக்கு ஊசி போடு, அத்தைக்கு மாத்திரை சொல்" என்று அவளை நெருக்காதீர்கள். டாக்டர் உத்தரவின்றி மருந்து கொடுத்தல் அவளுக்கு விதித்ததன்று. மறுத்தால் கர்வமென்னாதீர்கள். முக்கியமாக, வாரம் ஒருமுறையேனும், "இன்று யாரைப் பார்த்துக்கொண்டாய்? அவருக்கு எப்படியிருக்கிறது?" என்று கேளுங்கள். இதற்குப் பணச் செலவில்லை. சங்க நிதியும் வேண்டுவதில்லை.

மாணவ மாணவியர்க்கும் ஒருவார்த்தை. உங்கள் கஷ்டம் வீட்டாருக்குத் தானே தெரியுமென்று இராதீர்கள். வார்டு வாசல் காணாதவர் நாங்கள். எந்த மாதம் வரவியலும், எது இயலாது என்பதை முன்கூட்டியே எழுதி விடுங்கள். வரவியலாவிடினும் மணமக்களை வாழ்த்தி இரண்டு வரி எழுதினால் பெரியோர் மனம் குளிரும்.

எம் குமாரத்தி அக்கல்வியை நிறைவு செய்து இன்று பணியில் இருக்கின்றாள். சென்ற தீபாவளிக்கும் அவள் வரவில்லை. அன்று அவளுக்கு இரவுப் பணி. வழக்கம்போல் உறவினர் ஒருவர் எங்கேயென்று கேட்டார். "தீபாவளியன்றும் யாருக்கோ மூச்சுத் திணறுமே, அங்கே இருக்கின்றாள்" என்றோம். அன்று வடித்த சோற்றில் அவளுக்கென ஒரு பங்கு எடுத்துவைத்தோம். முன்பு பேசாதிருந்த நாற்பது நாளுக்கு யாம் செய்யக்கூடிய கழுவாய் அவ்வளவே. உங்களில் எவரும் அந்த நாற்பது நாளைத் தொடங்காதிருப்பீர்களாக என்று வேண்டுகின்றோம்.