கொடையும் தெருவாரின் பொறுப்பும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றிய உரை)



கராச்சி நகரின் ஒராங்கி, ஏழைத் தொழிலாளர்கள் தாமாகக் குடியேறிய பெரும் பகுதி. அங்கே கழிவுநீர் சந்துகளில் ஓடியது. 1980ஆம் ஆண்டு வங்கியாளர் ஆகா ஹசன் ஆபிதியின் அழைப்பை ஏற்று, அவ்வங்கியின் அறக்கட்டளை நிதியுடன் அறிஞர் அக்தர் ஹமீத் கான் பணி தொடங்கினார். அந்நிதியில் அவர் சாக்கடை கட்டித் தரவில்லை. அளவெடுத்தல், வரைபடம், மதிப்பீடு, கருவிகள், பயிற்சி ஆகியவற்றுக்கே செலவிட்டார். 20, 30 வீடுகள் கொண்ட ஒவ்வொரு சந்தும் தன் பொறுப்பாளரைத் தானே தேர்ந்து, பணம் திரட்டிக் குழாய் பதித்தது. ஒப்பந்தக்காரரும் தரகரும் இன்மையால் செலவு வெகுவாகக் குறைந்தது. பெருங்கால்வாய்களும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பென வகுக்கப்பட்டன. காலப்போக்கில் ஏறத்தாழ 1,00,000 வீடுகள் பயன்பெற்றன.

நேரடி உதவி வேண்டாமென்று நாம் கூறவில்லை. நோயாளிக்கும் ஆதரவற்ற விதவைக்கும் கையில் கொடுப்பதே கடமை. ஆனால் தெருவுக்குப் பொதுவான பணியில் கொடையாளரே யாவற்றையும் முடிவு செய்தால், குழாய் உடைந்த நாளில் மக்கள் அவரையே தேடுவர். தாம் தீர்மானித்துத் தம் பணமும் போட்டிருந்தால், தாமே முன்வந்து பழுது பார்ப்பர்.

ஆகவே, நமது பைத்துல்மாலிலிருந்து பொதுப்பணிக்கு நிதி ஒதுக்குமுன், அத்தெருவாரை அழைத்து அவர்தம் தேவையையும், அவர்கள் ஏற்கக்கூடிய பங்கையும் கேட்டறிவோமாக. தெருப் பெண்களின் கருத்தையும் கேட்போம். தண்ணீரின் அருமையும் கழிவின் துன்பமும் அவர்கள் அறிந்தவை.

வல்ல அல்லாஹ் நம் கொடைகளை ஏற்று அருள்வானாக! ஆமீன்.